ஒரு ஹேஷ்டேக் எதுவரை போகும்? இலங்கையின் 2022ஐ வைத்து ஓர் எளிய விளக்கம்

இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2022இல் நாட்டைவிட்டுப் போனதைப் பற்றி, "பேஸ்புக்கால்தான் கோட்டாபய ஓடினார்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். "போனைத் தட்டிக்கொண்டிருந்தால் ஆட்சி மாறிவிடுமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் சமூக ஊடகம் ஒரு மக்கள் இயக்கத்துக்கு எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டும் போதாது. இந்த விஷயத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு 2022இல் இலங்கையில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை என்பது என் எண்ணம். எழுச்சி, அரசின் தடை, வெற்றி, அடக்குமுறை, பிறகு தேர்தல் என்று எல்லாக் கட்டமும் இரண்டரை ஆண்டுக்குள் வந்துபோனது. அதைவிட முக்கியமாக, அதே தீவில் அதே நேரத்தில் தெருவோரம் உட்கார்ந்திருந்த வேறு சிலரை உலகம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

முதலில் சிவில் சமூகம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அரசாங்கமும் இல்லை, இலாபத்துக்கு நடக்கும் நிறுவனமும் இல்லை, அதற்கு வெளியே மனிதர்கள் தாமாகச் சேர்ந்து இயங்கும் எல்லாம் இதற்குள் வரும்: தொழிற்சங்கம், மாணவர் ஒன்றியம், சட்டத்தரணிகள் சங்கம், மீனவர் சங்கம், மாதர் சங்கம், மனித உரிமை அமைப்பு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வைத்திருக்கும் சங்கம். இவர்கள் கட்சிகளைப் போல ஆட்சியைப் பிடிக்க வருவதில்லை, ஆட்சியில் இருப்பவரைக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு நாட்டில் இப்படிப்பட்ட சங்கங்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றனவோ அதைப் பொறுத்துத்தான் அங்கே ஒரு ஹேஷ்டேக்கின் ஆயுளும் இருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ 69 இலட்சம் வாக்குகளுடன் ஜனாதிபதியானார். அவரை ஏற்றியதிலும் பேஸ்புக்குக்குப் பெரிய பங்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்த ஆண்டு ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு தெற்கில் பரவியிருந்த பயமும், "நாட்டைக் காக்க ஒரு வலுவான ஆள் வேண்டும்" என்ற பிரசாரமும் இதே செயலிகள் வழியாகத்தான் வீடு வீடாகப் போயின. பதவிக்கு வந்ததும் வரிகளைப் பெருமளவு குறைத்தார். 2021இல் ஒரே இரவில் சொல்வதுபோல இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார், விளைச்சல் விழுந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானமும் போயிருந்தது. டொலர் கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. 2022 மார்ச்சில் டீசல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, பரீட்சைத் தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் நின்ற இடத்திலேயே இறந்துபோனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோபம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் கோபம் இருப்பதால் மட்டும் யாரும் தெருவுக்கு வருவதில்லை. தனியாகப் போனால் அடி விழும், வழக்கு விழும், வேலை போகும் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். நான் போனால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்தால் மட்டும்தான் சாதாரண மனிதர் ஒருவர் வாசலைத் தாண்டுவார். ஆகவே "அரசாங்கம் சரியில்லை" என்று எனக்குத் தெரிவதும் உங்களுக்குத் தெரிவதும் போதாது. உங்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிய வேண்டும், எனக்கு அது தெரியும் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். அடக்குமுறை அரசுகள் பத்திரிகையையும் தொலைக்காட்சியையும் கையில் வைத்திருப்பது இந்த இடத்தில்தான் பலன் தரும், ஏனென்றால் மனிதர்களின் கோபத்தை அழிக்க முடியாவிட்டாலும் அந்தக் கோபம் ஒன்றையொன்று பார்க்காமல் செய்துவிட முடியும். சமூக ஊடகம் உடைப்பது அந்தத் திரையைத்தான். அது புதிதாகக் கோபத்தை உண்டாக்குவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் அதே கோபத்தில் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கிறது.

இதில் அந்த எரிபொருள் வரிசைகளுக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மணிக்கணக்காக, சில வேளை நாள்கணக்காக, ஒரே வரிசையில் முச்சக்கரவண்டிச் சாரதியும் வங்கி ஊழியரும் ஆசிரியரும் நின்றார்கள். கையில் போன் இருந்தது, செய்வதற்கு வேறு வேலை இல்லை. முன்னால் நிற்பவர் பார்க்கும் வீடியோவைப் பின்னால் நிற்பவரும் எட்டிப் பார்க்கிறார், இரண்டு பேரும் பேசத் தொடங்குகிறார்கள். போனில் நடந்ததையும் வரிசையில் நடந்ததையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

மார்ச்சில் கொழும்பின் புறநகர்ப் பகுதிகளில் மெழுகுவர்த்தி ஏந்திச் சின்னச் சின்னக் கூட்டங்கள் தொடங்கின. சந்தியில் பத்திருபது பேர் பதாகை பிடித்து நிற்பார்கள், படம் எடுத்துப் போடுவார்கள், அடுத்த நாள் வேறொரு சந்தியில் வேறு சிலர் நிற்பார்கள். எந்தக் கட்சியும் கூப்பிடவில்லை. "கோட்டா கோ ஹோம்" (கோட்டா, வீட்டுக்குப் போ) என்ற மூன்று சொல் மெல்ல ஹேஷ்டேக் ஆனது. ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்தவரும் தமிழ் மட்டும் தெரிந்தவரும் ஒரே மூச்சில் கத்தக்கூடியவை. ஒரு கோரிக்கை இப்படிச் சுருங்கி இருப்பதில் பெரிய பலம் இருக்கிறது. பின்னால் பலவீனம் ஆவதும் இதே சுருக்கம்தான், அதற்குப் பிறகு வருவோம்.

மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. அன்று மாலை மிரிஹானவில் ஜனாதிபதியின் சொந்த வீட்டுக்குப் போகும் தெருவில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். ஒரு சிறு கூட்டம் பேஸ்புக் நேரலையில் தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் நடந்தே வந்து சேர, சில மணிநேரத்தில் அது ஆயிரங்களானது. கண்ணீர்ப்புகை, எரிந்த பேருந்து, அடி, கைது எல்லாம் நேரலையில் போனது. இருட்டில் உட்கார்ந்திருந்த நாடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனாதிபதியின் வீட்டு வாசல்வரை போக முடியும் என்பது அன்றிரவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் நடந்தது பலருக்கு நினைவில் இருக்காது, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கைதானவர்களைக் கங்கொடவில நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணம் வாங்காமல் வந்து நின்றார்கள். "கோட்டா கோ ஹோம்" பக்கத்தை நடத்தினார் என்று ஓர் இளைஞரைப் பொலிஸார் கொண்டுபோனபோதும் சட்டத்தரணிகள் பின்னாலேயே போனார்கள், அவர் பிணையில் வெளியே வந்தார். கைதுச் செய்தி போனில் பரவியது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இடத்தில் பல காலமாக இயங்கிவரும் ஒரு சங்கம் இருந்தது, அதற்கு நீதிமன்ற நடைமுறை தெரிந்திருந்தது, கூப்பிட்டால் வருவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் மிரிஹான இரவைப் பார்த்தவர்கள் மனதில் அடுத்த நாள் பயம்தான் பரவியிருக்கும். போராடினால் காப்பாற்ற ஆள் உண்டு என்ற நம்பிக்கையும் ஒரு செய்திதான், அதுவும் அதே வேகத்தில் பரவும்.

தடை போட்டால் என்ன ஆகும்?

ஏப்ரல் 3ஆம் திகதி நாடு முழுக்கப் போராட்டம் என்று பேஸ்புக்கில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கம் அவசரகாலநிலையைப் பிரகடனப்படுத்தி வார இறுதி முழுவதும் ஊரடங்கு போட்டது. அதோடு ஏப்ரல் 2 நள்ளிரவு கடந்ததும் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர், இன்ஸ்டகிராம் எல்லாம் நின்றுபோயின. இலங்கைக்கு இது புதிதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதே பூட்டுப் போட்டார்கள். அதனாலேயே வீபிஎன் என்றால் என்ன என்பது சாதாரண மனிதருக்குக்கூடத் தெரிந்திருந்தது. வீபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு நாட்டு வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் செயலி, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தடை போட்ட உள்ளூர் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாது. மக்கள் அதைத் தரவிறக்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். ஜனாதிபதியின் அண்ணன் மகனும் அப்போதைய அமைச்சருமான நாமல் ராஜபக்ஷவே வீபிஎன் வழியாக டுவிட்டருக்கு வந்து, இப்படிப்பட்ட தடைகள் பயனற்றவை என்று எழுதினார். சுமார் 15 மணிநேரத்தில் தடை நீங்கியது. அன்றிரவே பிரதமர் தவிர அமைச்சரவை முழுவதும் இராஜினாமா செய்தது.

தடைகள் ஏன் இப்படித் திருப்பி அடிக்கின்றன என்று யோசித்தால் ஒரு காரணம் தெளிவாகத் தெரியும். பேஸ்புக்கை அரசியலுக்குப் பயன்படுத்துபவர் நூற்றில் சிலர்தான். மற்றவர்கள் பிள்ளையோடு பேச, மத்திய கிழக்கில் வேலை செய்யும் கணவரின் குரலைக் கேட்க, கேக் செய்து விற்க, பழைய பாட்டுக் கேட்கப் பயன்படுத்துபவர்கள். தடை போட்ட கணத்தில் அரசியலில் அக்கறையே இல்லாத அவர்கள் எல்லாரும் அரசாங்கத்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருந்து செய்தி பார்க்க முடியாதவர் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வாசலுக்கு வருகிறார், வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கிறார்கள்.

இடம் வேண்டும், உடல் வேண்டும்

ஏப்ரல் 9 அன்று கொழும்பின் கடற்கரையோரக் காலிமுகத்திடலில் கூடியவர்கள் திரும்பிப் போகவில்லை. ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் "கோட்டா கோ கம" என்ற கூடார ஊர் முளைத்தது. சமையற்கூடம், நூலகம், முதலுதவிக் கூடாரம், சட்ட உதவி, போன் சார்ஜ் பண்ணும் இடம், மேடை. புத்தாண்டையும் நோன்பு துறப்பையும் அங்கேயே வைத்தார்கள். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். சாப்பாட்டுப் பொதி குறைகிறது என்று ஒரு பதிவு போனால் வான் நிறையப் பொதி வந்து இறங்கும். இந்த மாதிரி உடனடித் தேவைகளை ஒருங்கிணைப்பதில் சமூக ஊடகத்துக்கு இணை எதுவும் இல்லை, யாரும் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தலைமையகமும் தேவையில்லை.

ஆனால் காலிமுகத்திடலை அரசாங்கம் கண்டு பயந்ததற்குக் காரணம் அங்கே இரவும் பகலும் உடல்கள் இருந்தன என்பதுதான். ஒரு பதிவுக்கு விருப்பம் போடுவதற்கு ஒரு நொடி போதும், அதனால் ஓர் அரசாங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. வெயிலிலும் மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் கூடாரத்தில் படுப்பவர் எதையோ இழக்கத் தயாராக இருக்கிறார், அது எதிர்த்தரப்புக்கும் புரிகிறது.

மே 9 அன்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் ஆதரவாளர்கள் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் இருந்து தடிகளோடு வந்து கூடாரங்களை உடைத்து எரித்தார்கள். அது நேரலையில் ஓடியது. அலுவலகங்களில் இருந்தும் வைத்தியசாலைகளில் இருந்தும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் காலிமுகத்திடலுக்கு ஓடிவந்தார்கள். அன்றே மஹிந்த பதவி விலகினார். ஆனால் அதே நேரலைதான் நாடெங்கும் பழிவாங்கும் வெறியையும் கிளப்பியது. ஆளும் கட்சியினரின் வீடுகள் இரவிரவாக எரிந்தன, நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். மஹிந்த குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பிவிட்டார் என்று ஒரு வதந்தி பரவி, இந்தியத் தூதரகமே மறுப்பு விட வேண்டி வந்தது. இயக்கத்தை நேசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன். உண்மையை வேகமாகக் கொண்டுபோகும் வழியில் பொய்யும் அதே வேகத்தில் போகும். 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று பரவிய பச்சைப் பொய்யில் இருந்து சில நாட்களில் கண்டி எரிந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது.

ஜூலை 9. பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான். முதல்நாள் இரவு போட்ட ஊரடங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் சட்டவிரோதம் என்று சொல்ல, அரசாங்கம் காலையில் விலக்கிக்கொண்டது. ஆட்கள் புகையிரத நிலையங்களுக்குப் போய் ரயிலை ஓட்டச் சொன்னார்கள். நடந்தும் சைக்கிளிலும் லொறியிலும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் ஆட்கள் குளித்த படம் உலகம் முழுக்கப் போனது. 13ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்கும் அடுத்த நாள் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய் மின்னஞ்சலில் இராஜினாமாவை அனுப்பினார்.

அப்புறம்? இந்த இடத்தில்தான் அந்த மூன்று சொல்லின் பலவீனம் வெளியே வந்தது. கோட்டா வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தது யார், எப்படி, எந்த அரசியலமைப்பின் கீழ் என்று முடிவெடுக்கப் போராட்டக்காரர்கள் சார்பில் யாருக்கும் அதிகாரம் இல்லை. பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது என்பதற்கே ஒப்புக்கொண்ட வழி இல்லை. தேர் இழுக்க ஊரே வரும், ஆனால் தேரைப் பராமரிக்க, கணக்குப் பார்க்க, அடுத்த திருவிழாவுக்குத் திகதி குறிக்க ஒரு சபை வேண்டும். ஹேஷ்டேக் வடம்பிடிக்க ஆள் சேர்த்தது, சபையை உண்டாக்கவில்லை. ஜூலை 20 அன்று பாராளுமன்றத்தில், ராஜபக்ஷ கட்சியினரின் ஆதரவோடு 134 வாக்குகள் பெற்று, மஹிந்தவுக்குப் பிறகு பிரதமரான ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். 22ஆம் திகதி அதிகாலை இராணுவம் காலிமுகத்திடலில் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கியது.

இதைத் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 2020 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு மூன்றே மூன்று ஆசனம். 2024 செப்டம்பரில் அவர் முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம் பெற்று, விருப்பு வாக்குகளைச் சேர்த்த இரண்டாம் எண்ணிக்கையில் ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய கட்சி 225இல் 159 ஆசனம் எடுத்தது. 2022இல் கலைந்துபோன கோபம் இரண்டு ஆண்டு கழித்துப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. அந்த இடம் பேஸ்புக்கில் உருவானது இல்லை. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பான ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) என்ற கட்சி 1960களில் இருந்து இருக்கிறது, இரண்டு முறை ஆயுதம் தூக்கி நசுக்கப்பட்டிருக்கிறது, அதன் பிறகும் ஊர் ஊராகக் கிளை, தொழிற்சங்கம், மாணவர், பெண்கள் அமைப்பு என்று கட்டிவைத்திருந்தது. அந்தக் கட்டமைப்பின் மேல் வட்ஸ்அப் குழுவும் நேரலையும் ஏறியபோதுதான் அது வாக்காக மாறியது. அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. அமைப்பு இல்லாத கோபத்துக்கும் அமைப்புள்ள கோபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் கிடைப்பது கஷ்டம்.

யார் கண்ணில் படுகிறார்கள்?

இனி நான் முதலிலேயே சொன்ன மற்றவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியிலும், பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்தார்கள். போரின் முடிவில் இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே, கணவர் எங்கே என்ற ஒரே கேள்வி. காலிமுகத்திடலில் முதல் கூடாரம் எழும்பியபோது அவர்கள் ஐந்து ஆண்டு தாண்டி அங்கேயே இருந்தார்கள். பதிலைக் கேட்காமலே இறந்துபோன தாய்மாரும் தந்தைமாரும் பலர். வெயில், மழை, புலனாய்வாளர்களின் தொல்லை எல்லாம் அவர்களுக்கும் இருந்தது. போராட்டத்தின் நீளத்தையும் உறுதியையும் வைத்துப் பார்த்தால் இந்தத் தீவில் அவர்களுக்கு நிகர் இல்லை. அவர்களுடைய படங்களும் பேஸ்புக்கில் வந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் புலம்பெயர் தமிழரையும் தாண்டி அவை அதிகம் போகவில்லை.

ஏன் என்று கேட்டால், சமூக ஊடகம் வேலை செய்யும் முறையே பாதி பதில். உங்கள் திரையில் எதைக் காட்டுவது என்று செயலி தீர்மானிக்கிறது. நீங்கள் எந்த மொழியில் படிக்கிறீர்கள், யாரோடு பழகுகிறீர்கள், எதில் நின்று பார்க்கிறீர்கள் என்பதை வைத்து அதுபோன்றதையே திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும். இலங்கையில் சிங்களப் பேஸ்புக், தமிழ்ப் பேஸ்புக், கொழும்பு ஆங்கில டுவிட்டர் மூன்றும் ஒரே செயலிக்குள் இருக்கும் மூன்று நாடுகள் மாதிரி. எரிவாயு இல்லாதது மூன்றிலும் ஒரே நாளில் தெரிந்தது, ஏனென்றால் அடுப்பு எல்லார் வீட்டிலும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை எல்லார் வீட்டிலும் இல்லை. எல்லாரும் ஏற்கெனவே அனுபவிக்கிற வலியைச் சமூக ஊடகம் மிக வேகமாக ஒன்றுசேர்க்கும். சிலர் மட்டும் அனுபவிக்கிற வலியை மற்றவரிடம் கொண்டுபோவதற்கு அது தானாக ஒன்றும் செய்வதில்லை. மொழிபெயர்க்க, விளக்க, கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்த மனிதர்கள் வேண்டும்.

மற்றப் பாதி பதில் அரசியல். தெற்கில் பலர் அந்தத் தாய்மாரின் கேள்வியையே தேசத்துரோகமாகப் பார்க்கும்படி வளர்க்கப்பட்டவர்கள். அதனால்தான் வடக்கில் நிறையப் பேர் காலிமுகத்திடலைச் சந்தேகத்தோடு தூரத்தில் நின்று பார்த்தார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அங்கே ஒன்று நடந்தது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி கொடுத்தார்கள். போர் வெற்றியைக் கொண்டாடிய ஒருவரின் அலுவலக வாசலில், சிங்கள இளைஞர்களும் நின்று. அது பெரிய கூட்டம் இல்லை. இணையத்தில் வசவும் விழுந்தது. ஆனால் ஒரே இடத்தில் பல கிழமை சேர்ந்து சாப்பிட்டுப் படுத்தவர்களுக்கு இடையில் பேச்சு நடந்ததால்தான் அது நடந்தது, திரையில் மட்டும் சந்தித்திருந்தால் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழர், முஸ்லிம்களின் இயக்கங்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தவில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலைக் கொரோனா என்று சொல்லிக் கட்டாயமாக எரித்த பிறகு, பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஒரு முழத் துணி, எந்தக் கோஷமும் இல்லை. படங்கள் பரவ, நாட்டின் வேறு இடங்களிலும் வெளிநாடுகளிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவிலில் தொடங்கி வடக்கில் பொலிகண்டி வரை ஐந்து நாள் நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். நீதிமன்றத் தடையுத்தரவுகளைத் தாண்டி அது நகர்ந்தபோது அடுத்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைப் போனில் பார்த்துத்தான் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மாத இறுதியில் கட்டாய எரிப்பு விதி நீக்கப்பட்டது. அதற்கு வெளிநாட்டு அழுத்தமும் காரணம், ஆனால் அந்த அழுத்தத்துக்குத் தீனி போட்டது இந்தப் படங்கள்.

அரசும் படிக்கும். இதைப் புதிதாக வருகிறவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவுகளும் நேரலைகளும் போராட்டக்காரருக்கு மேடை என்றால் பொலிஸாருக்கு அது ஆதாரக் கோப்பு. 2022 ஜூலைக்குப் பிறகு வீடியோவில் இருந்த முகங்களைத் தேடித் தேடிக் கைது நடந்தது. ஓகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். 1979இல் இருந்து தமிழ் இளைஞர்களின் தலைக்கு மேல் தொங்கிய சட்டம் அது. தெற்கில் பலர் அதன் பெயரைக் கவனித்துக் கேட்டதே அப்போதுதான். பிறகு 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act) பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எது பொய்யான கூற்று என்று தீர்மானித்து நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் அது கொடுக்கிறது. 2022இல் ஒரு முழுத் தளத்தையே பூட்டிப் பார்த்துத் தோற்றவர்கள், அதைவிட அமைதியான வழியைக் கண்டுபிடித்தார்கள். தளம் திறந்தே இருக்கும், எழுதுகிறவர் தாமே யோசித்துக் கையை இழுத்துக்கொள்வார். எனக்கு அந்த 15 மணிநேரத் தடையைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

கடைசியாக யாழ்ப்பாணம், 2024. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் பொறுப்பாக வந்த மருத்துவர் இராமநாதன் அர்ச்சுனா, ஜூலையில் அங்கே முறைகேடுகள் நடப்பதாகப் பேஸ்புக் நேரலையில் பேசத் தொடங்கினார். ஊர் அவருக்காகத் தெருவுக்கு வந்தது. நவம்பரில் சுயேச்சைக் குழுவில் நின்று பாராளுமன்றத்துக்குப் போனார், கட்சி இல்லை, கிளை இல்லை, ஒரு போன்தான். அதே மாவட்டத்தில் அதே தேர்தலில் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது, தெற்கில் வேர்கொண்ட ஒரு கட்சி அங்கே முதலிடம் வருவது அதற்கு முன் நடந்ததே இல்லை. பல பத்தாண்டுகளாக அந்த மண்ணில் வேலை செய்த தமிழ்க் கட்சிகள் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நேரலையில் வென்ற ஒருவர் தனக்கு வாக்களித்தவர்களிடம் பொறுப்புச் சொல்ல என்ன கட்டமைப்பு இருக்கிறது, அவர் திசைமாறினால் கூப்பிட்டுக் கேட்க எந்தக் கூட்டம் இருக்கிறது என்பதும், கொழும்பில் முடிவெடுக்கும் ஒரு கட்சியிடம் கிளிநொச்சிக் கொட்டகையின் கேள்வியை யார் எந்த மொழியில் விடாமல் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதும் அந்த நவம்பரில் தொடங்கிய விஷயங்கள், இன்னும் முடியவில்லை.